பாலைநிலத்துப் பெருங்குழி

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலே, ஏறக்குறைய முக்கால் மைல் அகலமும் 560 அடி ஆழமும் கொண்ட பெருங்குழி ஒன்று உளது. காணச் செல்வோர், சமவெளிக்குமேல் 150 அடி உயர்ந்து நிற்கும் விளிம்பில் ஏறி நின்றே உள்ளே நோக்குகின்றனர். அடித்தளத்தின் நடுவே, கைவிடப்பட்ட சுரங்கமொன்றின் எச்சங்கள் சிறு புள்ளியெனத் தோன்றும். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பின் சுவடு அது.

இக்குழியை ஆக்கியது யாது? சுற்றுப்புறத்திலே இரும்பு விண்கற்கள் சிதறிக் கிடந்தன. ஆகவே, வானிலிருந்து வீழ்ந்த இரும்புப் பாறையே காரணமோ என ஆராய, 1891 ஆம் ஆண்டிலே குரோவ் கார்ல் கில்பேட் என்னும் புவிச்சரிதவியலாளர் அங்கு சென்றார். அடியிலே பேரிரும்பு புதைந்திருப்பின் காந்தவூசி திரும்புதல் வேண்டும், அது திரும்பவில்லை. விளிம்பிலே குவிந்த கற்களின் கனவளவும் குழியின் கனவளவும் ஒத்திருந்தன; புதைபொருளுக்கு இடமேயில்லை. எனவே, நிலத்தடி நீராவி வெடித்தமையே காரணம் என அவர் முடிவு செய்தார்.

டானியல் பரிஞ்சர் என்னும் சுரங்கப் பொறியியலாளர் இதனை ஏற்கவில்லை. விண்கல்லே காரணம் என உறுதியாக நம்பி, 1903 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும் பொருள் செலவிட்டுத் துளையிட்டார். தேடிய பாறை அகப்படவில்லை. 1929 இல் வானியலறிஞர் மோல்ற்றன் கணக்கிட்டு விடை கூறினார். மிகு வேகத்துடன் மோதும் விண்கல்லின் இயக்கச் சத்தி கணப்பொழுதில் வெப்பமாகின்றது. அதனால் எழும் வெடிப்பே குழியைப் பறிக்கின்றது. கல்லின் பெரும்பகுதியோ ஆவியாகிச் சிதறிவிடுகின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே பரிஞ்சர் காலமானார்.

1960 இல் யூஜீன் சூமேக்கரும் உடனாய்ந்தோரும் அங்குள்ள மணற்பாறையிலே கோசைற்று என்னும் கனிமத்தைக் கண்டனர். எரிமலை வெடிப்பினால் தரவியலாத பேரழுத்தத்தில் உண்டான கனிமம் அது. விண்கல் வீழ்ந்தமை ஐயமற நிறுவப்பட்டது. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன், 150 அடி குறுக்களவுள்ள இரும்பு நிக்கற் பாறை வீழ்ந்தது என இன்று கணிக்கின்றனர்.

நேயர்களே, கில்பேட்டின் அளவீடுகள் பிழையல்ல. பரிஞ்சரின் நம்பிக்கையும் பிழையல்ல. குழியை ஆக்கிய பொருள் குழிக்குள்ளேயே இருக்க வேண்டும் என இருவரும் எண்ணியதே பிழை. அகப்பட்ட துண்டுகளிற் பெரியது ஏறக்குறைய 1,400 இறாத்தல் நிறையுடையது. விளிம்பிலுள்ள காட்சிச்சாலையில் அதனை இன்றும் காணலாம்.