மாதிரி இருப்புப்பாதை அமைத்தல்: அரியலூர் மீட்டர் பாதை

மாதிரி இருப்புப்பாதை என்பது உண்மையான தொடருந்துத் தடம், நிலையம், பாலம், வண்டிகள் ஆகியவற்றை ஒரே அளவுவிகிதத்தில் சிறிதாக்கி அமைக்கும் இயங்கு மாதிரி ஆகும். பொம்மைத் தொடருந்து ஓடினால் போதும். மாதிரி இருப்புப்பாதையோ ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் சரியான அளவுகளோடு காட்ட வேண்டும். ஆயத்தப் பாகங்களை வாங்காமல் அட்டை, மரம், தகடு போன்ற மூலப்பொருள்களிலிருந்து செய்வது கைவினை மாதிரி எனப்படும். விழுப்புரம் - திருச்சிராப்பள்ளி நேர்வழித் தடத்தில் உள்ள அரியலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய மாதிரி ஒன்றை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பாதையின் பின்னணி

விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகச் செல்லும் இத்தடத்தைத் தென்னிந்திய இரயில்வே 1920களின் பிற்பகுதியில் மீட்டர் பாதையாக அமைத்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. அகலம் கொண்டது மீட்டர் பாதை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இத்தடம் 1676 மி.மீ. கொண்ட அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இன்று அரியலூரில் நிற்கும் ஒருவர் அகலப் பாதையை மட்டுமே காண்பார். எனவே, மீட்டர் பாதைக் கால அரியலூரை மாதிரியாக அமைப்பது மறைந்துபோன ஒன்றைப் பதிவு செய்யும் வேலையும் ஆகிறது.

அளவுவிகிதமும் தட அகலமும்

உலகில் பரவலாக உள்ள மாதிரி அளவு 'எச்.ஓ.' எனப்படும் 1:87 ஆகும். இதற்கான ஆயத்தத் தடம் 16.5 மி.மீ. அகலம் உடையது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கும் 1435 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.

இந்திய அகலப் பாதைக்கு இக்கணக்கு பொருந்தாது. 1676ஐ 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. இந்திய வண்டியை 16.5 மி.மீ. தடத்தில் ஓடவிட்டால், உண்மை அளவில் 24 செ.மீ. குறுகலான பாதையில் அது ஓடுவதாகப் பொருள்.

இதே சிக்கல் அயர்லாந்து மாதிரியாளர்களுக்கும் உண்டு. 1846ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுப் பாதைக்கு 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. அகலத்தை வகுத்தது. அங்கு வழங்கும் 1:76 அளவுவிகிதத்தில் இது 21 மி.மீ. ஆகும். ஆனால் கடைகளில் எளிதில் கிடைப்பது 16.5 மி.மீ. தடமே. பலர் அதையே பயன்படுத்திக்கொள்கின்றனர்; துல்லியம் வேண்டுவோர் 21 மி.மீ. தடத்தைத் தாமே கட்டுகின்றனர். டப்ளின் இஞ்சிகோர் பணிமனையில் பணியாற்றிய சிரில் ஃபிரை கையால் செய்த அயர்லாந்துத் தொடருந்து மாதிரிகள் மாலஹைடு நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பாதை மாறினாலும் வண்டிகள் நினைவில் நிற்பதற்கு இத்தகைய கைவேலை துணை செய்கிறது.

மீட்டர் பாதைக்குக் கணக்கு சற்று எளிது. 1000ஐ 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. பிற நாட்டு மாதிரிகளுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. சக்கர அமைப்புகளை இதற்குப் பயன்படுத்தலாம். அரை மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அரியலூரின் பழைய பாதையை மாதிரியாக்குவது இன்றைய பாதையை மாதிரியாக்குவதைவிட எளிது.

இடத்தைச் சுருக்குதல்

மீட்டர் பாதைப் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். மாதிரியில் இது 23 செ.மீ. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட வண்டிக்கு இரண்டே முக்கால் மீட்டர் இடம் தேவை. 300 மீட்டர் நடைமேடை மூன்றரை மீட்டரைப் பிடிக்கும். வீட்டில் இதற்கு இடம் இராது.

எனவே நீளத்தைக் குறைத்து, உயரம், அகலம், தட அகலம் ஆகியவற்றைக் குறைக்காமல் வைத்துக்கொள்வது வழக்கம். ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் சேர்ந்து ஏறத்தாழ 90 செ.மீ. வரும். நான்கடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட மூன்று பலகைகள் போதும். முதல் பலகையில் நிலையம், இரண்டாவதில் ஆற்றுப் பாலம் அமையும். மூன்றாவது பலகை தடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்து, வண்டி வந்து நிற்கும் இடமாகப் பயன்படும். வட்டப் பாதை தேவையில்லை.

அளவெடுத்தல்

தண்டவாளத்தில் இறங்கி அளப்பது ஆபத்தானது. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றமும் ஆகும். நடைமேடையிலிருந்து பார்ப்பதற்கும் நிலைய அதிகாரியின் அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. பழைய வண்டிகளைக் காண, சென்னை வில்லிவாக்கத்தை அடுத்த இரயில் அருங்காட்சியகமும் 2014இல் திறக்கப்பட்ட திருச்சிராப்பள்ளி இரயில் அருங்காட்சியகமும் உள்ளன. ஓடும் மீட்டர் பாதையைக் காண மேட்டுப்பாளையம் - உதகமண்டலம் மலைத் தொடருந்து உள்ளது. ஆனால் அதன் செங்குத்தான பகுதியில் நடுவே உள்ள பல்தண்டவாளம் அரியலூர்ப் பாதையில் இருந்ததில்லை.

கட்டடத்தை நிழற்படத்திலிருந்து அளக்க ஒரு வழி உண்டு. படத்தில் உள்ள கதவின் உயரத்தை ஏழடி எனக் கொண்டு, மற்ற உயரங்களை விகிதக் கணக்கால் கண்டுபிடிக்கலாம். அந்தக் காலத்தில் அவ்வழியே பயணம் செய்த முதியவர்களிடம் கேட்டு, சுவரின் நிறம், மரம் நின்ற இடம், தண்ணீர்க் குழாய் இருந்த இடம் முதலியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். இவை எந்த வரைபடத்திலும் கிடைக்காதவை.

தடம் கட்டுதல்

மீட்டர் பாதையின் மரக்கட்டை 1.83 மீட்டர் நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்டது. 1:87இல் இது 21 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். மருந்து தோய்க்காத வெற்றுத் தீக்குச்சியை இரண்டாக வெட்டினால் கிட்டத்தட்ட இந்த அளவே வருகிறது. கட்டைகளின் இடைவெளியை முக்கால் மீட்டர் எனக் கொண்டால், மாதிரியில் 8.6 மி.மீ. ஆகிறது. ஒரு மீட்டர் மாதிரித் தடத்துக்கு 116 கட்டைகள், அதாவது 58 குச்சிகள் வேண்டும்.

குச்சிகளைத் தேயிலைச் சாறும் கறுப்பு மையும் கலந்த நீரில் ஊறவைத்தால் பழைய மரத்தின் நிறம் வரும். ஐந்து கட்டைகளுக்கு ஒன்று செம்பு பூசிய சர்க்யூட் பலகைத் துண்டாக இருக்க வேண்டும். மாதிரித் தண்டவாளக் கம்பியை அதன்மேல் ஈயப்பற்று வைத்துப் பொருத்துவர். துண்டின் நடுவே செம்புப் பூச்சை அரத்தால் அறுத்துவிட வேண்டும். இல்லையெனில் இரு தண்டவாளங்களும் மின்தொடர்பு கொண்டு குறுக்குச்சுற்று ஏற்படும். இரு கம்பிகளின் உட்பக்க இடைவெளி 12 மி.மீ. உள்ளதா என்பதை, பள்ளி ஆய்வகத்தில் உள்ளது போன்ற வெர்னியர் அளவுகோலால் ஒவ்வோர் இடத்திலும் சரிபார்க்க வேண்டும்.

உண்மைத் தடத்தில் கொட்டப்படும் ஜல்லி ஏறத்தாழ 50 மி.மீ. அளவுடையது. மாதிரியில் இது அரை மி.மீ.க்குச் சற்று மேல். எம்-சாண்டை முதலில் தேநீர் வடிகட்டியில் சலித்து, பெரிய கற்களை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். மணலைப் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிவிடும்.

நிலக்காட்சி

அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள பகுதி. வெளிறிய சுண்ணாம்பு மண், கரிசல் மண், பனை, சீமைக்கருவேலம் ஆகியவை இந்நிலத்தின் அடையாளங்கள். அயல்நாட்டு மாதிரிகளில் காணும் பசும்புல் இங்குப் பொருந்தாது. அப்பகுதியில் எடுத்த மண்ணையே உலர்த்திச் சலித்து ஒட்டினால் நிறம் தானாகவே சரியாக அமையும். தெர்மாக்கோலை அடுக்கி மேடு பள்ளங்களையும், திருமண அழைப்பிதழ் அட்டையால் கட்டடங்களையும் செய்யலாம்.

வண்டிகளும் மின்சாரமும்

இத்தடத்துக்கு இந்திய மீட்டர் பாதையில் பரவலாக ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சினையோ ஒய்.டி.எம்-4 வகை டீசல் எஞ்சினையோ தேர்ந்துகொள்ளலாம். டீசல் எஞ்சின் பெட்டி வடிவம் கொண்டது. நீராவி எஞ்சினைப் போல வெளியே அசையும் தண்டுகள் இல்லை. ஆதலால் தொடக்க நிலையினருக்கு அதுவே ஏற்றது. 12 மி.மீ. சக்கரங்களும் மோட்டாரும் உள்ள ஆயத்த அடிச்சட்டத்தின்மேல், அட்டையால் செய்த உடலைப் பொருத்தலாம்.

மோட்டார் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். இரு தண்டவாளங்களின் மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். 230 வோல்ட் மின்சாரத்தை மாணவர்கள் நேரடியாகக் கையாளக் கூடாது. ஆயத்த 12 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும்.

மருதையாற்றுப் பாலம்

1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. அவ்வழியே வந்த தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்து, 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதற்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

அரியலூர் மாதிரியில் இந்தப் பாலத்தை விட்டுவிட இயலாது. விபத்தைப் பொம்மைக் காட்சியாக்குவதும் தகாது. பாலத்தை நின்ற நிலையிலேயே காட்டி, தேதியையும் நிகழ்ந்ததையும் ஒரு சிறு பலகையில் எழுதிவைப்பது பொருத்தம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றை, கரை தொடும் நீரோடு அமைத்தால், பாலத்துக்கு வந்த ஆபத்து எது என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

பெரம்பலூர்: இல்லாத நிலையம்

அருகில் உள்ள பெரம்பலூர் மாவட்டத் தலைநகராக இருந்தும் அங்குத் தொடருந்து நிலையம் இல்லை. அவ்வூர் மக்கள் தொடருந்து ஏற அரியலூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ செல்ல வேண்டியுள்ளது. மாதிரிக் கலையில், நடைமுறையில் அமையாத பாதையைக் கற்பனையாக அமைப்பதும் ஏற்கப்பட்ட ஒரு வகை. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு கிளைப்பாதை இருந்திருந்தால் எந்த ஊர்களைத் தொட்டிருக்கும், எந்த ஓடையைக் கடந்திருக்கும், எங்கு நிலையம் அமைந்திருக்கும் என்பவற்றை நில வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்யலாம். புவியியல், கணிதம், வரலாறு மூன்றும் இதில் பயன்படும். ஆனால் இது கற்பனை என்பதை மாதிரியின் பெயர்ப்பலகையிலேயே குறிப்பிட வேண்டும். அப்போதுதான் அரியலூர்ப் பலகையில் உள்ளவை மெய்யானவை என்பதைப் பார்ப்பவர் நம்புவார்.