லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் போனால்...



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆகவே போன செமஸ்டரில் என் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் செத்துப்போய், மாற்று டிஸ்க் வாங்க அலைந்த கதையை எழுதுகிறேன். நம் ஹாஸ்டலில் பாதிப்பேர் வைத்திருப்பது செகண்ட் ஹேண்ட் லேப்டாப்தானே! யாருக்காவது உதவும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஈரோட்டில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறார். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த 9,000 ரூபாயில் வாங்கியது என் லேப்டாப். அது ஆன் ஆவதற்குள் மெஸ்ஸில் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பழைய மெஷின் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். அதையும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஃபைல் திறக்கவே இல்லை.

எங்கள் நாலு பேர் புராஜெக்ட் ரிப்போர்ட், சர்க்யூட் படங்கள், புரோகிராம் எல்லாம் அதில்தான் இருந்தது. குழுவில் லேப்டாப் உள்ளவன் நான் ஒருவன்தான். ரிவியூவுக்கு ஒன்பது நாள்!

பக்கத்து ரூம் நண்பன், "செக் டிஸ்க் போடுடா, சரியாயிடும்" என்றான். போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. செக் டிஸ்க் என்பது ஃபைல்களின் கணக்கு வழக்கைச் சரிபார்த்துத் திருத்தி எழுதும் புரோகிராம். டிஸ்க் நன்றாக இருந்து கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் அது மருந்து. டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது, மூச்சு வாங்குகிற ஆளை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி. உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். முனை பழுதானால் ஒவ்வொரு நிமிடம் ஓட்டுவதும் இன்னும் கொஞ்சம் தட்டைக் கெடுக்கலாம். சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் லேப் சார்தான் காப்பாற்றினார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராமை ஓட்டினார். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். ஒரு இரவும் அரைப் பகலும் ஓடியது. ரிப்போர்ட் வந்தது, புரோகிராம் வந்தது. அக்கா கல்யாண போட்டோக்களில் பாதி வரவில்லை. அக்காவிடம் இதை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை...

அடுத்து, புது டிஸ்க். கையில் இருந்தது 2,000 ரூபாய். கடையில் அந்த விலைக்குள் இரண்டு காட்டினார்கள். ஒன்று 1 டி.பி. ஹார்டு டிஸ்க். இன்னொன்று 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. "தம்பி, உன் மெஷின் பழசு. எஸ்.எஸ்.டி. போட்டாலும் அதோட ஸ்பீடு வராது. அதே காசுக்கு நாலு மடங்கு இடம், இதை எடுத்துக்கோ" என்றார் கடைக்கார அண்ணன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். போனில் அம்மா, "ரெண்டாவது தடவை ஏமாந்துடாத சாமி" என்றார்கள். அன்று இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்ட். நாம் கேட்ட இடம் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒரு 12 மில்லி செகண்ட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினேழு, பதினெட்டு. ஆக ஒரு நொடியில் சிதறிக் கிடக்கும் ஐம்பது, அறுபது இடங்களைத்தான் அதனால் படிக்க முடியும்! விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகளைக் கேட்கிறது. என் டீ நேரம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. 7,200 சுற்று டிஸ்க் வாங்கினாலும் காத்திருப்பு 5.5 என்பது 4.2 ஆகும், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது. எல்லாம் சிப். கேட்ட இடத்தைக் கொடுக்க ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. என் லேப்டாப்பில் இருப்பது 3 கிகாபிட் சாட்டா. எட்டு பிட்டைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்புவதால் நொடிக்கு 300 எம்.பி. வரைதான் போகும். 6 கிகாபிட் என்றால் 600 வரை. சாட்டா எஸ்.எஸ்.டி.களின் பெட்டியில் போட்டிருக்கும் 500, 550 எனக்கு வராதுதான். ஆனால் அது ஒரே பெரிய ஃபைலை நீளமாகப் படிக்கும்போது வரும் வேகம். குட்டித் துண்டுகளுக்குக் காத்திருக்கும் நேரம் பழைய மெஷினிலும் ஒழிந்துவிடும். பழைய மெஷினுக்குத்தான் எஸ்.எஸ்.டி. அதிகம் தேவை என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம். 1 டி.பி.யும் அதற்கு மேலும் உள்ள லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றில் 'ஷிங்கிள்டு' முறையில் எழுதுகிறார்கள். நம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு தடத்தின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, மேலே உள்ளவற்றை எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா? அதேபோல எழுதும்போது இழுக்கும். சினிமா சேர்த்து வைக்க அது போதும். விண்டோஸ் போட வேண்டாம்.

வாங்குமுன் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 2.5 இன்ச் என்பது எல்லோருக்கும் தெரியும், தடிமனைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 9.5 மில்லிமீட்டரும் உண்டு, 7ம் உண்டு. 9.5 இடத்தில் 7 போகும், ஆட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். 7 இடத்தில் 9.5 போகவே போகாது. திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 இரண்டிலும் 7தான். இன்னும் பழைய மெஷின் என்றால் வரிசையாக 44 ஊசி இருக்கும். அது ஐ.டி.இ., சாட்டா அதில் பொருந்தாது. புது மெஷினில் சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2 வரும். அங்கே அகலம், நீளம் பொருந்தினாலும் சாட்டாவா, என்.வி.எம்.இ.யா என்று மாடல் நம்பரை வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கடையிலேயே மாட்டி 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' ஓட்டச் சொல்லுங்கள். 'ரீஅலொகேட்டட்', 'கரண்ட் பெண்டிங்' என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. பூஜ்யமாக இருந்தாலும் நம்பிக்கை முழுசாக வேண்டாம், இந்தக் கணக்கை அழித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் எஸ்.எஸ்.டி.யை வாங்கினேன். 240க்கு 223 என்றுதான் காட்டியது. கடைக்குச் சண்டைக்குப் போகவில்லை! கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அதனால் வரும் வித்தியாசம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதாலும், 11 என் மெஷினில் ஏறாததாலும், அப்புறம் லினக்ஸுக்கு மாறிவிட்டேன். இப்போது முகம் கழுவி வருவதற்குள் ரெடியாக நிற்கிறது. ஒரு குறை உண்டு. எஸ்.எஸ்.டி. போகும்போது பெரும்பாலும் சத்தம் போடாமல் போய்விடும், 'டிக் டிக்' எச்சரிக்கை கிடையாது. அதனால் ஞாயிறுதோறும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுகிறேன்.

ரிவியூ நல்லபடியாக முடிந்தது. லேப்டாப் திறக்க உதவி வேண்டுவோர் ஹாஸ்டலில் என் ரூமுக்கு வரலாம். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள். என்னுடையதை வாங்கிப்போன நண்பர் இன்னும் திருப்பித் தரவில்லை.