செந்நிறம் பூணும் உள்ளான்கள்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோ சென்று, பூநாரைகள் கூட்டங்கூட்டமாக ஆழமற்ற உப்புநீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரை அரிக்கும் காட்சியைக் கண்டு மனம் நிறைந்து திரும்பிவிடுகிறார்கள். அது காணத் தக்க காட்சிதான். எனினும், அந்தச் சதுப்பின் மிக உன்னதமான நாட்கள் பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் முடிகின்றன என்பதும், அவற்றின் அருமை சேற்றைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கே புலப்படும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சேற்றில் ஓடித் திரிபவை உள்ளான்கள். அவற்றுள், அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்த ஒரு ஜாதி, குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெண்மையுமாக யார் கண்ணையும் கவராத கோலத்தில் இருந்துவிட்டு, வசந்த ருது பிறந்ததும் பழைய இறகுகளை உதிர்த்து, கழுத்தும் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகச் சிவந்துவிடுகிறது. வர்ணம் ஏற ஏறத் தேகமும் பருக்கிறது. சாதாரணமாக 60 கிராம், அதாவது ஓர் எலுமிச்சம்பழத்தின் எடையே உள்ள இப்பறவை, புழுக்களையும் நீர்ப்பூச்சிகளையும் இரவு பகல் பாராமல் தின்று கொழுப்பைச் சேமிக்கிறது; ஏனெனில், அது போகவேண்டிய இடம் ஸைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பம் போன்ற மரமே வளராத துருவப் பிரதேசத்தில், நேர்கோட்டில் அளந்தாலும் இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

எல்லாம் போவதில்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகளில் பல, முதல் கோடையைத் தெற்கிலேயே கழிக்கின்றன. அவை சிவப்பதும் இல்லை. ஆகவே, சித்திரை மாதத்தில் ஒரு கூட்டத்தைக் கவனித்தால், எவை பிரயாணப்படப் போகின்றன, எவை தங்கப் போகின்றன என்பதை நிறத்தைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சாயங்கால வேளையில், சிவந்தவை கூவிக்கொண்டு உயர எழும்பி, அணிவகுத்து வடதிசையில் மறைகின்றன.

ஜூன் மாதம் பனி உருகும்போது அவை அங்கே கூடு கட்டுகின்றன. தாய் தனியாகவே அடைகாக்கிறது. லெம்மிங் என்னும் எலியினம் பெருகியுள்ள ஆண்டுகளில் துருவ நரிகள் அவற்றைத் தின்று பசியாறிவிட, உள்ளான் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கின்றன. எலிகள் அருகிய ஆண்டுகளிலோ நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்றுவிடுவதால் தெற்கே வரும் இளம் பறவைகள் சொற்பமாகிவிடுகின்றன. கோடியக்கரையை அடுத்த வேதாரண்யத்துச் சேற்றில் நாம் காணும் கூட்டத்தின் அளவைத் துருவத்து எலிகளின் பெருக்கமும் நிர்ணயிக்கிறது என்பது எவ்வளவு ஆச்சரியமான சம்பந்தம்!

பிறந்த நாட்டில் இவை தங்குவது இரண்டு மாதத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான். ஆகஸ்டிலேயே இங்கே வரத் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கின்றன. எனவே இவற்றின் வாழ்வில் பெரும்பகுதி நம் பொறுப்பில் கழிகிறது. ராஜாஜி 1930-ல் உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளியை ஒட்டிக் கிடக்கும் இந்தச் சதுப்புக்கு உயிர்நாடி, மழைநீரும் கடல்நீரும் கலக்கும் கலப்பே. நன்னீர் வரத்துக் குறைந்து, உப்பளங்கள் பெருகி, உவர்ப்பு அளவு மீறினால் புழுக்கள் அழியும். கொழுப்புச் சேராத பறவை வடக்கே போய்ச் சேராது. 1967-ல் சரணாலயமான கோடியக்கரை, 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆயினும், பறவையியல் அறிஞர் ஸாலிம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளின் காலில் வளையம் பூட்டி ஆராயத் தொடங்கிய நாட்களில் இருந்த திரளில் இன்று பெரும்பகுதி இல்லை. சரணாலயம் என்ற அறிவிப்புப் பலகையால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது.

அடுத்த பங்குனியில் வேதாரண்யம் பக்கம் போகும் வாசகர்கள், அதிகாலையிலேயே சென்று, தொலைவில் நின்று பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். கை தட்டி உள்ளான்களை எழுப்பிவிடாதீர்கள். அந்த நாட்களில் வீணாகப் பறக்கும் ஒவ்வொரு சுற்றும் அவற்றின் வழிச்செலவுக்கான கொழுப்பையே கரைக்கிறது.