கைத்தறி விற்கும் வணிகர்களே, ஒருமுறை தறியில் அமர்ந்து பாருங்கள்!

மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் பலர், கடையின் ஒரு ஓரத்தில் பத்துத் துண்டு, நாலு லுங்கி, பண்டிகைச் சமயத்தில் கொஞ்சம் வேட்டி என்று அடுக்கி வைப்பது வழக்கம். "அண்ணாச்சி, இது கைத்தறிதானா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்கிறோம்? மொத்த வியாபாரி நம்மிடம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறோம். பருப்பைக் கையில் அள்ளியதுமே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடும் நமக்கு, புளியைக் கிள்ளிப் பார்த்தே புதுசா பழசா என்று கண்டுபிடிக்கும் நமக்கு, துணியைத் தொட்டால் மட்டும் ஒன்றும் புரிவதில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைச் சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் குறித்த தன்மைகளோடு, கைத்தறிக்கு மட்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கப்பட்டுள்ளன. விசைத்தறி உரிமையாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், 1993-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இருந்தும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. சரக்கின் தரத்தைத் தவறாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகாருக்கு உரியது. புகார் வந்தால் பில் போட்டுக் கொடுத்தவர் நாம்தான். எங்கோ இருக்கும் மொத்த வியாபாரி வந்து நிற்க மாட்டார்.

துணியை அறிய நல்ல வழி, நெய்யக் கற்றுக்கொள்வதுதான். நெசவாளி ஆகிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பத்துப் பேர் சேர்ந்து இரண்டு மூன்று நாள் தறியருகே உட்கார்ந்து கையால் செய்து பழகும் பயிற்சி முகாம்கள் இப்போது ஆங்காங்கே நடக்கின்றன. புத்தகம் படித்தோ, விளக்கப் படம் பார்த்தோ இது வராது.

கூட்டமாக ஏன் கற்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தத் தொழில் தொடங்குவதே கூட்டத்தில்தான். பாவு விரிக்க ஒரு ஆள் போதாது. பழைய ஊர்களில் விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, தூரிகையால் நீவி விடுவார்கள். (நாம் விற்கும் அரிசிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு!) பிறகு ஒவ்வொரு இழையையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் கோக்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் இழையை எடுத்துக் கொடுக்க, முன்னாலிருப்பவர் கொக்கியால் வாங்கி இழுக்கிறார். அங்குலத்துக்கு 60 இழை, அகலம் 48 அங்குலம் என்றால் மொத்தம் 2,880 இழை. நடுவில் ஒன்று தவறினால் துணி முழுக்கக் கோடாகத் தெரியும். அடுத்தவர் பார்த்துச் சொன்னால்தான் தவறு அங்கேயே பிடிபடும். தனியாக உட்கார்ந்தவருக்கு இரண்டு முழம் நெய்த பிறகே தெரிய வரும்.

நெய்ய ஆரம்பித்ததும் வேறு வேடிக்கை. ஒரு மிதியை அழுத்தினால் பாதி இழை மேலே எழும்புகிறது. அந்த இடைவெளியில் நாடா ஓடி ஊடையை விட்டுச் செல்கிறது. அச்சை இழுத்து ஒரு தட்டு. பிறகு அடுத்த மிதி. கேட்க எளிதுதான். புதியவர் ஊடையை இறுக்கி இழுத்துவிடுவார். துணியின் அகலம் சுருங்கும். கரை ஓரத்து இழைகள் அச்சில் உராய்ந்து பட்பட்டென்று அறும். ஒரு தட்டுப் பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் விழுந்தால், துணி ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் சல்லடையாகவும் நிற்கும். பத்துப் பேர் நெய்த பத்து அங்குலத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், நல்ல துணி எது என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

ஐந்தடித் துண்டுக்கு அங்குலத்தில் 50 ஊடை என்று கணக்குப் போடுங்கள். 3,000 முறை மிதி, 3,000 முறை நாடா, 3,000 முறை தட்டு. இதை அரை மணி நேரம் செய்து பார்த்தவர், துண்டுக்கு இன்னும் ஐந்து ரூபாய் குறையுங்கள் என்று நெசவாளியிடம் வாய் திறக்க யோசிப்பார் என்பது என் எண்ணம்.

நூல் கணக்கு நமக்குச் சுலபமாகவே பிடிபடும், ஏனென்றால் எல்லாம் எடைதான். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம். பத்துப் பவுண்டு, அதாவது 4.54 கிலோ கட்டில் 400 சிட்டம். நம்பர் கூடக் கூட நூல் மெலிது. இது தெரிந்தவரிடம் 40-க்குப் பதில் 30-ஐத் தள்ளிவிட முடியாது.

இனி, கைத்தறியை அடையாளம் காண்பது. கரையில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சொல்லிவிடுகிறார்கள். அகலம் சுருங்காமலிருக்க ஊசி வைத்த குச்சி மாட்டுவதால் வரும் துளை அது. ஆனால் விசைத்தறியிலும் அகலத்தை இழுத்துப் பிடிக்கும் கருவி உண்டு, அதுவும் தடம் விடும். ஊடை கரையில் திரும்பாமல் வெட்டுப்பட்டு நின்றால், நாடா இல்லாத புதுவகை இயந்திரத்தில் ஓடிய துணி என்று ஒதுக்கலாம். திரும்பியிருந்தால் மட்டும் கைத்தறி என்று முடிவு கட்டாதீர்கள். நாடா ஓடும் விசைத்தறியிலும் திரும்பும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலை என்று யாராவது சொன்னால், கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்று வீதம் இரண்டு, ஆக மூன்று நாடா ஓட்டி நெய்வது கோர்வை. உடல் நிறத்து ஊடை கரைக்குள் ஓடிக் கலங்கியிருந்தால் அது கோர்வை அல்ல. எந்த ஒரு அடையாளமும் தனியாகப் போதாது. அதனால்தான் கைத்தறி முத்திரையை 2006-இல் மத்திய அரசு கொண்டு வந்தது. மொத்தக் கொள்முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம். 2019-20-இல் 35.22 லட்சம். நெசவாளியின் மகன் வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பிள்ளைகளும் கடையில் உட்காருவதில்லை. ஆனால் சரக்கு தருகிறவர் குறைந்துகொண்டே போனால், கைத்தறி என்று சொல்லி அலமாரியில் எதை வைப்பது?

முகாம் பற்றி விசாரிக்க, மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்கள் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் உள்ளன. சேலத்தில் 1960-இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அருகிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வணிகர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து தேதி கேளுங்கள். முன்கூட்டியே இரண்டு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்குத் தறியில் எவ்வளவு நேரம் கிடைக்கும், பாவு கோக்கும் வேலையிலிருந்தே கற்றுத் தருவார்களா. தயாராக மாட்டி வைத்த தறியில் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வருவதற்குப் பணம் கட்ட வேண்டாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் நெசவாளிக்கும் நேரமிராது, நமக்கும் இராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. தை பிறந்த பிறகு போவது உத்தமம்.