சித்திரம் யாருடையது?

உங்கள் குழந்தை யானைக்குப் பச்சை வர்ணம் தீட்டினால் என்ன செய்வீர்கள்? “யானை கறுப்படா, அசடே!” என்று தூரிகையைப் பிடுங்கித் திருத்திவிடுவீர்கள், இல்லையா? சற்றுப் பொறுங்கள்!

பிரபல கேலிச் சித்திரக்காரர் சங்கர், 1949-ல் தமது ‘சங்கர்ஸ் வீக்லி’ பத்திரிகையின் சார்பில் குழந்தைகளுக்கென்றே சித்திரப் போட்டியும் எழுத்துப் போட்டியும் ஆரம்பித்தார். விரைவிலேயே பல நாட்டுக் குழந்தைகளும் அதில் கலந்துகொண்டார்கள். பின்னர் டில்லிக் குழந்தைகளுக்காக அவர் ஏற்படுத்திய இன்னொரு போட்டிதான் விசேஷமானது. எல்லாக் குழந்தைகளும் ஓரிடத்தில் கூடி, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். அப்பாவின் கைவண்ணமும் அம்மாவின் திருத்தமும் அங்கே செல்லுமா?

வீட்டிலிருந்து அனுப்பும் போட்டிகளில்தான் நமக்குக் கை துறுதுறுக்கிறது. நாம் திருத்திய படத்துக்குப் பரிசு வந்தால், அது நம் பரிசு. குழந்தைக்கு மிஞ்சுவது, ‘தனியாக நம்மால் ஆகாது’ என்ற எண்ணந்தான்!

ஆகவே, வர்ணப் பெட்டியைக் கொடுங்கள்; தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள்; பிறகு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். படம் முடிந்ததும், “இது என்ன கண்றாவி?” என்று கேட்காதீர்கள். “இதைப் பற்றிச் சொல்லேன், கேட்போம்” என்று உட்காருங்கள். அடுத்த எழுத்துப் போட்டிக்கு ஒரு கதையே பிறந்துவிடும்!