மலையில் எத்தனை பேர், சமவெளியில் எத்தனை பேர்?
அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கணக்கைப் படிப்பது எப்படி

"மொத்தம் எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க?" மகளை மேற்படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. நியாயமான கேள்விதான். ஆனால் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றி இதைக் கேட்டால், ஒரே ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீங்க. யாரைச் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே இயங்கும் ஒரே மாநிலப் பல்கலைக்கழகம் இது. 1984-ல் சட்டம் இயற்றி அரசு இதைத் தொடங்கியது. இது அமைந்திருக்கும் திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்ததே 1985-ல்தான். மாவட்டத்தைவிடப் பல்கலைக்கழகத்துக்கு வயசு ஒன்று கூடுதல்!

கொடைக்கானல் அட்டுவம்பட்டி வளாகத்தில் இருப்பவர்கள் ஒரு கூட்டம். மகளிரியல், இயற்பியல், கணினி அறிவியல் போன்ற துறைகளில் நேரடியாகப் படிப்பவர்கள் இவர்கள். இன்னொரு கூட்டம் மலைக்குக் கீழே இருக்கிறது. திண்டுக்கல் எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரி, பழனி அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கல்லூரி, பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி என இணைவு பெற்ற கல்லூரிகளில் படிக்கும் மாணவிகள். இவர்கள் வாங்கும் பட்டத்திலும் அன்னை தெரசா பெயர்தான் இருக்கும். ஆனால் அட்டுவம்பட்டி வளாகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் அவர்களில் இருக்கக்கூடும். இவர்கள் தவிர முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தனி. அதிலும் முழுநேரம், பகுதிநேரம் என்று இரண்டு வகை உண்டு. பகுதிநேர ஆய்வாளர் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்பவராக இருக்கலாம்.

எல்லோரையும் கூட்டிச் சொன்னால் இது பெரிய பல்கலைக்கழகம். வளாகத்தை மட்டும் எண்ணினால் சின்னது. இரண்டும் பொய்யில்லை. உங்க மகள் மலைக்குப் போய்ப் படிக்கப் போகிறாள் என்றால் அவளுக்குத் தேவையானது வளாகக் கணக்கு. விடுதி அறை, ஆய்வகம், நூலகம், ஒரு பேராசிரியரிடம் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானமாகும். பழனியிலோ பெரியகுளத்திலோ சேர்வதாக இருந்தால் அந்தந்தக் கல்லூரியின் கணக்கைத்தான் பார்க்கணும்.

இதை எங்கே பார்ப்பது? தேசிய நிறுவனத் தரவரிசைக்கு, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்.க்கு, விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். தரவரிசையில் எந்த இடம் என்பதை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு படிப்பு நிலைக்கும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, படிப்பவர்கள் எத்தனை, மாநிலத்துக்குள்ளிருந்து எத்தனை, வெளியிலிருந்து எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை, கல்விக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைப்பவர்கள் எத்தனை என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே, படித்து முடித்தவர்களில் வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள் கணக்கும் இருக்கும். விளம்பரத் தாளில் இதெல்லாம் வராது.

மற்ற பல்கலைக்கழகங்களில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஆண், பெண் கட்டத்தைத்தான். இங்கே அந்தக் கட்டத்துக்கு வேலையே இல்லை. நூற்றுக்கு நூறு பெண்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்குட்பட்டோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சொல்லும் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பெண்கள் கல்லூரிக்கு வருகிறார்களா என்ற கேள்வி நம்ம ஊரில் பழசாகிவிட்டது. எந்தப் பெண்கள் வருகிறார்கள், பட்டப்படிப்போடு நிற்கிறார்களா, மேலே போகிறார்களா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

அதைத் தெரிந்துகொள்ளப் போகும்போது சின்னத் துறைகளில் ஒரு சிக்கல் வரும். மாநில அரசின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஒரு துறையில் 20 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகச் சொல்லும் எண்தான் இது). மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குச் சரியாக 4 இடம். ஆதிதிராவிடருக்கு 3.6. பழங்குடியினருக்கு 0.2. கால் இடம்கூட வரவில்லை!

கொடைக்கானல் மலையிலேயே பளியர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் பட்டம் முடித்து, பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், 0.2 இடம் என்பது நடைமுறையில் அவளுக்கு என்ன ஆகும்? துறைவாரியாகக் கணக்கிடுகிறார்களா, எல்லாத் துறைகளையும் சேர்த்தா, பின்னத்தை எப்படி முழு எண்ணாக்குகிறார்கள் என்று சேர்க்கைப் பிரிவில் கேட்டால்தான் விடை தெரியும். கூச்சப்படாமல் கேளுங்க; கேட்க உரிமை இருக்கு. பொதுப்பிரிவின் 31 சதவீதம் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தது என்பதும் நினைவிருக்கட்டும். மதிப்பெண் இருந்தால் பழங்குடி மாணவிக்கும் அதில் இடம் உண்டு.

சதவீதங்களை நம்பும்போதும் கவனம் தேவை. 10 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவர் கல்யாணம் ஆகிப் படிப்பை நிறுத்தினால் இடைநிற்றல் 10 சதவீதம். அடுத்த ஆண்டு யாரும் நிற்கவில்லை என்றால் பூஜ்யம். ஒரே ஆண்டின் விவரத்தை வைத்து இது நல்ல துறை, அது மோசமான துறை என்று முடிவு கட்ட முடியாது. குறைந்தது மூன்று ஆண்டு விவரத்தை எடுத்து, சதவீதத்துக்குப் பதில் ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்க. அனுமதித்த இடங்களில் பாதி தொடர்ந்து காலியாகவே இருந்தால் ஏன் என்று விசாரிப்பது நல்லது. மற்றபடி, சின்ன வகுப்பு என்பதற்காகப் பயப்பட வேண்டாம். பேராசிரியருக்கு உங்க மகளின் பெயர் தெரிந்திருக்கும் என்பது சின்ன விஷயமில்லை.

அடுத்து, காசு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. இது பட்டப்படிப்பு, பட்டயம், ஐ.டி.ஐ. போன்ற படிப்புகளுக்கானது. கீழே கல்லூரியில் படிக்கும்போது வங்கிக் கணக்கில் வந்த அந்தத் தொகை, முதுகலைக்கு மலை ஏறும்போது வராது. அதே நேரத்தில் விடுதிச் செலவு, குளிருக்குக் கம்பளி, ஊருக்கு வந்துபோகும் பஸ் கட்டணம் எல்லாம் புதுசாகச் சேரும். கீழே படித்தவர்களில் எத்தனை பேர் மேலே வருகிறார்கள் என்ற கணக்கில் இந்த வீட்டுக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். எனவே சேருவதற்கு முன்பே உதவித்தொகையை விசாரித்துவிடுங்க. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. விடுதியில் தங்குபவர்களுக்குப் பராமரிப்புப் படி கூடுதல். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

இணையதளத்தில் நீங்க தேடும் விவரம் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "மாணவர் விவரம் தேவை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீங்க. "கடந்த மூன்று கல்வியாண்டுகளில் வளாகத்தில் இந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், படிப்பை முடித்தவர்கள், வகுப்புவாரியாக" என்று எழுதுங்க.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினால் ஒரு விஷயம்: 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் போக இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை.