‘ரப்பர்’ என்ற பெயர் எப்படி வந்தது?

“டீச்சர், எங்க பாட்டி ரப்பர் மரத்தப் ‘பால்மரம்’னுதான் சொல்வாங்க. அது தப்புதானே?”

சிலிம் ரிவரில் தோட்டத்துப் பின்னணி கொண்ட மாணவி ஒருத்தி வகுப்பில் இப்படிக் கேட்டாள். பதில் சொல்லும் முன், ‘ரப்பர்’ என்ற சொல்லின் கதையைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ‘ரப்’ என்ற வினைச்சொல்லுக்குத் தேய்த்தல் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த சொல் அது. ‘ரப்பர்’ என்றால் தேய்ப்பவர் அல்லது தேய்க்கும் பொருள். அன்று அதற்கும் மரத்துக்கும் தொடர்பே இல்லை.

அக்காலத்தில் பென்சில் கோட்டை ரொட்டித் துண்டால்தான் அழித்தார்கள். 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர், அதைவிட நன்றாக அழிக்கும் ஒரு பொருளைத் தம் நூலில் குறிப்பிட்டார். அது தென் அமெரிக்க மரப்பால் உறைந்து உருவானது. லண்டனில் அரை அங்குலத் துண்டு மூன்று ஷில்லிங்குக்கு விற்றது. அதைக் கொண்டு தேய்த்ததால் ‘ரப்பர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மரத்துக்கும் அதுவே பெயரானது.

தேய்த்தால் கோடு ஏன் அழிகிறது? பென்சில் கோடு என்பது காகித இழைகளில் படிந்த கிராஃபைட் துகள்கள். தேய்க்கும்போது அவை காகிதத்தை விட்டு ரப்பரில் ஒட்டி, உருண்டு விழும் துணுக்குகளோடு போய்விடுகின்றன.

1877-இல் அந்த மரத்தின் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில நம் பேராக்கில், கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைத்த நம்மவர்கள் மலாய்ச் சொல்லான ‘கெத்தா’வைக் ‘கித்தா’ என்றார்கள்; ‘பால்மரம்’ என்றும் அழைத்தார்கள்.

அது தவறா? இல்லை. பாலில் புரதத் துகள்கள் மிதக்கின்றன. மரப்பாலில் ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. இரண்டு வகைத் துகள்களின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் சேர்ந்தால் அதன் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்யும். உடனே துகள்கள் மோதி ஒன்றுசேரும். பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிவதும், மரப்பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால் உறைவதும் இதனால்தான்.

லண்டனில் இருந்தவர்கள் அந்தப் பொருள் செய்த வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். உன் பாட்டி அதன் தன்மையைப் பார்த்துச் சொன்னார், அம்மா. இன்று கடையில் வாங்கும் அழிப்பான்களில் பல, பிவிசி நெகிழியால் ஆனவை. அவற்றில் மரத்தின் பால் ஒரு சொட்டும் இல்லை. ‘ரப்பர்’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

மாணவர்களே, தேர்வில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள். வீட்டில் பாட்டி ‘பால்மரம்’ என்றால் திருத்தாதீர்கள். அந்தப் பால் எப்படி உறைந்தது என்று அவரிடமே கேளுங்கள்.